எடைக்குண்டில் ஓடும் பழைய சுவர்க் கடிகாரம்: பார்த்து வாங்குவது முதல் நம்மூர்ச் சுவரில் ஓடவிடுவது வரை

தக்கலைக்குப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள், உள்ளறையில் பெரிய கடிகாரம் ஒன்று கிடக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்று தெரிந்த ஆசாரி ஒருவர் போன் செய்தார். போனேன். நாலடிக்கு மேல் உயரமான பெட்டி, கண்ணாடிக் கதவு, வெள்ளை டயல். கதவைத் திறந்தால் பெண்டுலம் இருந்தது, கப்பி இருந்தது, குண்டைக் காணோம். திண்ணையில் இருந்த பாட்டி, "அது நல்லா ஓடும் மக்களே, குண்டுதான் இல்ல. பிள்ளைங்க எங்கயோ கொண்டு போட்டாச்சு" என்றார்.

எனக்கோ வாங்கும் வேகம். குண்டுதானே, எதையாவது கட்டினால் போச்சு என்று விலை பேசித் தூக்கி வந்தேன். மளிகைக் கடை ஐந்து கிலோ எடைக்கல்லைக் கம்பி சுற்றித் தொங்கவிட்டேன். ஓடியது. மூன்று வருடம் பெருமையாக ஓடி, ஒருநாள் நின்றது. பிரித்துப் பார்த்தால் அச்சுத் துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. இரண்டு கிலோவுக்குள் இழுக்க வேண்டிய சக்கரத்தை ஐந்து கிலோவால் இழுத்திருக்கிறேன். அதைச் சரிசெய்த செலவில் இன்னொரு கடிகாரமே வாங்கியிருக்கலாம்.

அந்தச் செலவில் படித்ததும் அதற்கப்புறம் படித்ததும்தான் கீழே இருப்பது. குமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட கடிகாரம் ஒன்று உங்களுக்கு விலைக்கு வந்தால், முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

எதை வாங்குகிறோம்?

சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களில் இரண்டு வகை. ஒன்று, சுருள் வில்லில் ஓடுவது. நம் வீடுகளில் அதிகம் பார்த்தது அதுதான். மற்றது, பித்தளைக் குண்டு மெல்லக் கீழிறங்கும்போது அந்த எடையால் ஓடுவது. சேகரிப்பவர்கள் இரண்டாவதைத்தான் தேடுவார்கள். வில் முழுதாக முறுக்கியிருக்கும்போது ஒரு பலத்திலும் தளரும்போது வேறு பலத்திலும் இழுக்கும். குண்டு முதல் நாளும் ஏழாவது நாளும் ஒரே பலத்தில்தான் இழுக்கும். நேரம் சீராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

சந்தையில் 'வியன்னா ரெகுலேட்டர்' என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மன் தொழிற்சாலைகளில் செய்தவை. அந்த வடிவம் வியன்னாவில் பிறந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. 1847-ல் சைலீசியாவின் ஃப்ரைபர்க்கில் குஸ்டாவ் பெக்கர் தொடங்கிய தொழிற்சாலையின் கடிகாரங்கள்தான் அதிகம் கண்ணில் படும். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் செய்த லென்ஸ்கிர்ச் கடிகாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், வேலைப்பாடு ஒரு படி மேல்.

ஒரு குண்டு இருந்தால் நேரம் மட்டும் காட்டும். இரண்டு இருந்தால் மணியும் அடிக்கும். மூன்று இருந்தால் கால் மணிக்கும் அடிக்கும். மூன்று குண்டுக் கடிகாரத்தை முதல் கடிகாரமாக வாங்காதீர்கள். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேடி அலைவதிலேயே ஆசை போய்விடும். ஒற்றைக் குண்டில் தொடங்குவது நல்லது. அது மணி அடிக்காது என்று வீட்டில் குறை சொல்வார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அதே ஆட்கள் நன்றி சொல்வார்கள்.

குண்டில் ஓடும் கடிகாரம் நமக்குப் புதிதல்ல. பத்மநாபபுரம் அரண்மனையின் மணிக்கூண்டிலும், திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1893-ல் திறந்த நாகர்கோவில் மணிமேடையிலும் கடிகாரத்தை ஓட்ட அமைத்தது தொங்கும் எடையைத்தான். மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால், விற்பவர்கள் சொல்லும் கதைகளிலும் அந்த வாடை அடிக்கும்: மிஷன் பங்களாவில் இருந்தது, எஸ்டேட் துரை விட்டுப் போனது, கொட்டாரத்தில் (அரண்மனையில்) இருந்து வந்தது. உண்மையாகவும் இருக்கலாம். கதைக்கு என்று தனியாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

இரண்டு கிலோ குண்டு எட்டு நாளில் சுமார் 80 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கிடைக்கும் மொத்த ஆற்றல் 16 ஜூலுக்கும் கீழே. ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்று இந்த ஆற்றலில் இரண்டு வினாடி கூட எரியாது. அதை வைத்துக்கொண்டு இந்தக் கடிகாரம் ஒரு வாரம் ஓடுகிறது!

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இத்தனை குறைந்த சக்தியில் ஓடுவதால் துளி அழுக்கோ, நூலளவு சாய்வோ, கெட்டியான எண்ணெயோ போதும், நின்றுவிடும். அது நின்றால், சக்தி எங்கோ வீணாகிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்த மாதிரி எடையைக் கூட்டக் கூடாது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது

ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, கடிகாரச் சாவிகள் இரண்டு மூன்று அளவில், மீன்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்னத் தொங்கு தராசு ஒன்று, இவற்றைக் கொண்டு போங்கள். பகலில் போங்கள்.

பெட்டியின் பளபளப்பைப் பார்க்கும் ஆசையை அடக்கிவிட்டு, முதலில் சாமான் முழுதாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். பெண்டுலம், குண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கப்பி, சாவி, பெண்டுலத்தைத் தாங்கும் மெல்லிய தொங்கு தகடு, பெட்டியின் மேலும் கீழும் இருக்க வேண்டிய மர வேலைப்பாடுகள். இதில் குண்டும் கப்பியும் பெண்டுலமும் அந்தந்தக் கடிகாரத்தின் அளவுக்குச் செய்தவை. இல்லாமல் போனால் பொருத்தமானது கிடைப்பது பெரும்பாடு. சாவி எளிதில் கிடைக்கும். உச்சி அலங்காரத்தை நல்ல ஆசாரி கடைந்து கொடுத்துவிடுவார்.

குண்டைத் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். இந்த வகைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்பது வழக்கமான அளவு. இரண்டு குண்டும் பார்வைக்கு ஒன்றாக இருந்து எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், ஒன்று வேறு இடத்தில் இருந்து வந்திருக்கலாம். பித்தளைக் கூட்டுக்குள் ஈயம் நிரப்பியிருப்பார்கள். குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரக் கூடாது.

அடுத்தது சாவி. குண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது கை உணரும் பாரம் முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் ஒன்றுபோல இருக்கும். போகப் போக இறுகினால் அது வில் கடிகாரம், அழகுக்குக் குண்டு மாட்டியிருக்கிறார்கள். பேட்டரி இயந்திரத்தை உள்ளே வைத்து, குண்டையும் பெண்டுலத்தையும் வெறும் தொங்கலாக விட்டவையும் உண்டு. பெண்டுலத்தின் வட்டத் தகட்டில் ஆர், ஏ என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் உஷாராகுங்கள். மெதுவாக, வேகமாக என்பதைக் குறிக்கும் அந்த எழுத்துகள் பொதுவாக வில் கடிகாரங்களின் பெண்டுலத்தில் இருப்பவை.

வினாடி முள்ளையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜெர்மன் கடிகாரங்கள் பலவற்றில் அந்தச் சின்ன முள் ஒரு சுற்றைச் சுமார் 45 வினாடியிலேயே முடித்துவிடும். பழுது என்று நினைக்காதீர்கள், பெண்டுலம் குட்டையாக இருப்பதால் அப்படி. முள் அழகுக்கு. உண்மையிலேயே 60 வினாடியில் சுற்றினால் பெண்டுலம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் இருக்கும், பெட்டியும் பெரிதாக இருக்கும், விலையும் அப்படியே.

இயந்திரத்தைப் பார்ப்பது

இதில் அவசரப்படாதீர்கள். நான் பார்த்த நாலைந்து கடிகாரங்களை வேண்டாம் என்று விட்டுவந்தது இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் பெண்டுலத்தையும் பிறகு குண்டையும் கழற்றச் சொல்லுங்கள். வியன்னா வகையில் இயந்திரம் ஒரு தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் இருக்கும் இரண்டு திருகைத் தளர்த்தினால் டயலோடு முன்னால் இழுத்து எடுத்துவிடலாம். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அவருக்கும் அது தெரியாததால் இருக்கலாம், பக்குவமாகச் செய்து காட்டுங்கள்.

பின் தகட்டில் தயாரிப்பாளர் முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும். பெக்கர் என்றால் நங்கூரமும் ஜி, பி எழுத்துகளும். ஜுங்ஹான்ஸ் என்றால் நட்சத்திரம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து எந்த ஆண்டில் செய்தது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

அப்புறம் பூதக்கண்ணாடியோடு அச்சுத் துளைகள். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சும் தகட்டில் ஒரு துளைக்குள் சுழல்கிறது. பெரிய சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் லேசாக அசைத்தால், அச்சு துளைக்குள்ளே இடம் மாறுகிறதா என்று தெரியும். மயிரிழை அசைவு வேண்டும்தான். துள்ளி நகர்ந்தால் துளை தேய்ந்துவிட்டது, புஷ் (துளைக்குள் செருகும் சிறு பித்தளை வளையம்) போட வேண்டும். இரண்டு மூன்று துளை என்றால் விலையில் கழித்து வாங்கலாம். எல்லாத் துளையும் அப்படி என்றால் யோசியுங்கள்.

துளையைச் சுற்றிக் குத்தூசியால் குத்தியது போலப் புள்ளிகள் தெரிந்தால் அது இன்னும் மோசம். புஷ் போடாமல் தகட்டை அடித்து நெருக்கித் துளையைச் சின்னதாக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் மறுபடி விரியும். ஈயம் உருக்கி ஒட்டிய திட்டுகளும் அதே கைவரிசை.

மேலே 'டிக் டிக்' சத்தம் வரும் இடத்தில் நங்கூர வடிவில் ஒரு எஃகுத் துண்டு, அதன் இரு நுனியும் ஒரு பல்சக்கரத்தை மாறி மாறித் தடுத்து விடுவிக்கும். அந்த நுனிகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா, பல்சக்கரத்தின் பல் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பற்கள் ஊசி போல மெலிந்தவை. ஒன்று வளைந்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் கடிகாரம் தடுமாறும்.

டயலைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். பழைய ரிப்பேர்க்காரர்கள் தேதியையும் பெயரையும் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். எனக்கு அதைப் படிப்பதில் ஒரு தனி சந்தோஷம். எத்தனை முறை சர்வீஸ் ஆனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெட்டி

அசல் பெட்டி பெரும்பாலும் லேசான மரத்தின் மேல் வால்நட் மரத்தின் மெல்லிய தோல் ஒட்டியது. நம்மூர் ஈரக்காற்றில் அந்தத் தோல் ஓரங்களில் கிளம்பும். விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், உள்ளே காற்று இருந்தால் சத்தம் மாறும். ஒட்டிவிடலாம், பயப்பட வேண்டாம். ஆனால் கரையான் ஏறிய முதுகுப் பலகை வேறு கதை. குண்டும் இயந்திரமும் தொங்குவது அந்தப் பலகையில்தான்.

முழுப் பெட்டியும் கனமான தேக்காகவோ ஈட்டியாகவோ இருந்தால், இங்கே யாரோ பிற்காலத்தில் செய்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, நம் ஆசாரிமார் செய்த பெட்டிகள் சில அசலைவிட அழகு. அசல் விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். முதுகுப் பலகையில் இப்போதைய தாங்கிக்குப் பொருந்தாத பழைய திருகுத் துளைகள் தெரிந்தால், ஒரு கடிகாரத்தின் பெட்டியில் இன்னொன்றின் இயந்திரத்தை ஏற்றியிருக்கிறார்கள்.

விலையும் காகிதமும்

ஓடும் கடிகாரம், ஓடாத கடிகாரம் என்று இரண்டு விலை பேசுங்கள். 'ஓடும்' என்பதற்குப் பொருள், சுவரில் மாட்டி ஒருமுறை சாவி கொடுத்து முழு எட்டு நாள் நிற்காமல் ஓடியது என்பது. பத்து நிமிடம் ஆட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். பெண்டுலத்தைத் தள்ளிவிட்டால் இயந்திரமே இல்லாமல் கூடக் கொஞ்ச நேரம் ஆடும். முன்பணம் கொடுத்து ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். அது முடியாது என்றால் ஓடாத விலைதான். புஷ், எண்ணெய் சர்வீஸ், கயிறு, இல்லாத சாமான் எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன ரசீதாவது எழுதி வாங்குங்கள். வளைகுடாவில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: 1972-ன் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. உள்ளூரில் வாங்கி வீட்டில் மாட்டுபவருக்கு அந்தக் கவலை இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவருவது

ஓடி முடிந்த கடிகாரத்தைவிட, பாதி ஓடியதைக் கழற்றுவது எளிது. கயிறு உருளையில் ஒழுங்காகச் சுற்றியிருக்கும்போதே அதன் மேல் காகித டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குண்டை எடுத்த நொடியே கயிறு தளர்ந்து சக்கரத்துக்குள் சிக்கும். பெண்டுலம் முதலில், குண்டு அடுத்து, இயந்திரம் கடைசி. குண்டுகளில் இடது, வலது என்று எழுதி ஒட்டுங்கள். பெண்டுலத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேலே இருக்கும் தொங்கு தகடு வெற்றிலையைவிட மெல்லியது, மடங்கினால் போச்சு. பெட்டியை முதுகுப்பக்கம் கீழே படும்படி படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவில் வரைக்குமே நம் சாலையின் குலுக்கல் போதும் ஒரு கண்ணாடியை உடைக்க.

சுவரைத் தேர்ந்தெடுப்பது

தென்மேற்கு மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், ஈரம் முதுகுப் பலகையில் ஏறும். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு என்றால் காற்று நேராக வரும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். கதவு 'படார்' என்று சாத்தும் சுவர், மாடிப்படிச் சுவர், மரப் பலகைத் தடுப்பு எதுவும் ஆகாது. பூஜை அறைக்கு அடுத்தும் வேண்டாம். சாம்பிராணியும் கற்பூரப் புகையும் எண்ணெயோடு சேர்ந்து அச்சில் பசையாகிவிடும். கல்லிலோ செங்கல்லிலோ கட்டிய உள்சுவர்தான் சரி.

துளை போடும்போது இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் சாந்தில் போடாமல் கல்லிலேயே போடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து விரலால் சுரண்டினாலே உதிரும். பெட்டி, குண்டு எல்லாம் சேர்த்து பதினைந்து கிலோ என்று வைத்துக்கொண்டு அதற்குத் தக்க திருகு போடுங்கள்.

மாட்டுவது

ரிப்பேர் என்று என்னிடம் வரும் புகாரில் பெரும்பகுதி இந்த இடத்துக் கோளாறுதான்.

வெறும் பெட்டியை மாட்டி, கொத்தனாரின் தூக்குக்குண்டை முன்னாலும் பக்கவாட்டிலும் பிடித்து நேர் பாருங்கள். பெட்டியின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் சுவரில் பதியும் நிறுத்துத் திருகுகள் இருக்கும். அவற்றை இறுக்குங்கள். பலர் அது எதற்கென்று தெரியாமல் கழற்றி வீசியிருப்பார்கள். இல்லையென்றால் புதிதாகப் போட்டுவிடுங்கள். பெட்டி ஆடினால் பெண்டுலத்தின் சக்தியைப் பெட்டி தின்றுவிடும். பதினாறு ஜூலில் அதற்குப் பங்கு கிடையாது.

அப்புறம் இயந்திரத்தை ஏற்றி, பெண்டுலத்தைத் தொங்கவிட்டு, இயந்திரத்தில் இருந்து இறங்கும் கம்பியின் முள் பெண்டுலத் தண்டில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள். கப்பியில் குண்டை மாட்டி, கயிறு உருளையின் பள்ளத்தில் அடுத்தடுத்து விழும்படி கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாவி கொடுங்கள்.

கயிறு நைந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். கடிகாரத்துக்கென்று விற்கும் மெல்லிய உலோகக் கயிறோ நரம்புக் கயிறோ போடுங்கள். நம்மூரில் கைக்கு முதலில் கிடைப்பது தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலான் இழை. சுறா இழுத்தாலும் அறாது என்பார்கள். அறாதுதான், ஆனால் மெல்ல நீளும், முடிச்சு வழுக்கும். இரண்டு கிலோ குண்டு இரவில் பெட்டியின் அடிப்பலகையைத் துளைத்து விழுந்த சத்தத்தை ஒரு நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

இனி 'டிக்', 'டாக்' இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டி நடப்பது போல 'டிக்-டாக்... டிக்-டாக்' என்று கேட்டால் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். பெண்டுலத்தை நிறுத்தி, கையால் மெல்ல இடப்பக்கம் நகர்த்துங்கள். 'டிக்' கேட்டதும் நிறுத்தி, நடுவில் இருந்து எவ்வளவு தூரம் என்று அடியில் இருக்கும் அளவுத் தகட்டில் பாருங்கள். வலப்பக்கமும் அப்படியே. இரண்டு தூரமும் ஒன்றாகும் வரை, கம்பியின் அடியில் அல்லது பெண்டுலத் தண்டில் இருக்கும் சிறு திருகைத் திருப்புங்கள். காதால் கேட்டும் உறுதிப்படுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பெட்டியைச் சாய்த்து மாட்டிச் சத்தத்தைச் சமன் செய்யும் குறுக்கு வழியும் உண்டு. அது எனக்குப் பிடிக்காது, கோணலாகத் தொங்கும் கடிகாரத்தைத் தினமும் பார்க்க முடியாது.

நேரம் சரிசெய்வது

இங்கே ஒரு சுவாரசியம். ஐரோப்பாவில் சரியாக ஓடிய பெண்டுலக் கடிகாரத்தை எதையும் தொடாமல் அப்படியே நம்மூரில் மாட்டினால் நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். கடிகாரத்தில் குறை இல்லை, பூமி காரணம். பூமி நிலநடுக்கோட்டுப் பக்கம் சற்றுப் புடைத்தும், சுழற்சியின் வேகம் அங்கே கூடியும் இருப்பதால், ஈர்ப்பு அங்கே கொஞ்சம் குறைவு. நாகர்கோவில் 8 பாகை அட்சத்தில் இருக்கிறது, வியன்னா 48 பாகையில். ஈர்ப்பு குறைந்தால் பெண்டுலம் மெதுவாக ஆடும். 1672-ல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரிசெய்த கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது அது நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி சீரான உருண்டை இல்லை என்று நியூட்டன் சொன்னதற்கு அதுவும் ஒரு சான்றாயிற்று. உங்கள் வரவேற்பறையிலும் அதே சோதனை நடக்கும்.

பெண்டுலத்தின் அடியில் ஒரு திருகு நட்டு இருக்கும். வட்டத் தகட்டை மேலே ஏற்றினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும். வினாடிக்கு ஒரு 'டிக்' தரும் நீளப் பெண்டுலம் என்றால் ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்துக்கு நாளைக்குச் சுமார் 43 வினாடி. நிமிடத்துக்கு 80 'டிக்' தரும் குட்டைப் பெண்டுலம் என்றால் சுமார் 77 வினாடி. இதை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இரண்டு நிமிடத்தைக் கூட்ட, நீளப் பெண்டுலத்தில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டரும் குட்டையில் ஒன்றரையும் ஏற்ற வேண்டும். முதலில் அப்படிச் செய்துவிட்டு, பிறகு அரைச் சுற்று, கால் சுற்று என்று நெருங்குங்கள்.

ஒரு மாற்றம் செய்தால் முழுதாக ஒரு நாள் காத்திருந்து, போன் நேரத்தோடு ஒப்பிட்டு, நோட்டில் எழுதி, அதன்பிறகு அடுத்தது. மணிக்கு ஒருமுறை நட்டைத் திருகுபவர்கள் எங்கேயும் போய்ச் சேர மாட்டார்கள். வாரத்துக்கு அரை நிமிட வித்தியாசம் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். தண்டு எஃகு என்றால் ஒரு டிகிரி சூடு கூடினால் நாளைக்கு அரை வினாடி பின்தங்கும். மரத் தண்டு சூட்டுக்கு அவ்வளவு அசையாது, மழைக்கால ஈரத்துக்குக் கொஞ்சம் அசையும்.

முள்ளை எப்போதும் முன்னோக்கியே திருப்புங்கள். மணி அடிக்கும் கடிகாரம் என்றால் ஒவ்வொரு அரை மணியிலும் நின்று, அடித்து முடிக்க விட்டு, அப்புறம் நகர்த்துங்கள். அடிக்கும் எண்ணிக்கையும் மணி முள்ளும் பொருந்தவில்லை என்றால் நிமிட முள்ளோடு சண்டை போடாமல், மணி முள்ளை மட்டும் அடித்த எண்ணுக்கு மெதுவாக நகர்த்துங்கள். அது இறுக்கிச் செருகியதுதான், நகரும்.

வாராவாரமும் வருடாவருடமும்

வாரத்தில் ஒருநாள், அதே கிழமையில் சாவி கொடுங்கள். குண்டின் உச்சி இயந்திரத்தின் தாங்கியில் இடிக்கும் முன் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் நிற்கிறதா? குண்டு இறங்கிப் பெண்டுலத்தின் மட்டத்துக்கு வரும் நாள் அது. உரசுகிறதா பாருங்கள். உரசவில்லை என்றால், பெண்டுலத்தின் ஆட்டம் குண்டுக்கும் தொற்றி, அதுவும் சேர்ந்து ஆடிச் சக்தியைக் குடிக்கிறது. கீழே உள்ள நிறுத்துத் திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

எண்ணெய் கடிகாரத்துக்கென்று விற்பது மட்டும்தான். ஊசி நுனியில் எடுத்து ஒவ்வொரு அச்சுத் துளைக்கும் ஒரு பொட்டு. சக்கரப் பற்களுக்கு எண்ணெய் கூடாது, தூசியைப் பிடித்து அரைக்கும். தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்து என்பது நம் மாவட்டத்தின் நம்பிக்கை. கடிகாரத்துக்கு அது விஷம். சிக்கு வாடை வந்து, பிசினாகி, பித்தளையில் பச்சை பூக்க வைக்கும். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம், ஓடி வழிந்துவிடும்.

இன்னொரு வழக்கமான கொடுமை, குண்டையும் பெண்டுலத்தையும் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு விளக்குவது. புளியின் அமிலம் இடுக்கில் தங்கி அரிக்கும், பித்தளையின் மேல் பூசியிருக்கும் மெருகும் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். டயலில் எழுத்து பெயிண்டில் இருந்தால் துணியே படக் கூடாது.

நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி மாதிரி உப்புக்காற்று படும் இடத்தில் மூன்று வருடத்திலேயே பார்த்துவிடுங்கள், எஃகு அச்சில் துரு பிடித்தால் அதன்பிறகு துளையை அது அரம் போல அறுக்கும். கொடுக்கும் இடத்தில், "துளை தேய்ந்திருந்தால் புஷ் போடுவீர்களா, அடித்து நெருக்குவீர்களா?" என்று கேளுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

அதோடு கதவு இடுக்கைப் பாருங்கள். ஒரு மழைக்காலத்தில் என் கடிகாரம் மூன்று நாள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. நேர் பார்த்தேன், சத்தம் பார்த்தேன், குண்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் டார்ச் அடித்தால் இயந்திரத்தின் பின்னால் தாங்கி மேல் இரண்டு பல்லி முட்டை, ஒன்று சரிந்து, ஆடும் கம்பியை ஒவ்வொரு முறையும் தொட்டுக்கொண்டிருந்தது. எடுத்துச் சன்னலோரம் வைத்துவிட்டு, கதவு விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினேன். பெட்டிக்குள் ஆணியில் குத்தி வைத்திருக்கும் சர்வீஸ் சீட்டில், எண்ணெய் போட்ட தேதிக்குக் கீழே அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.